பெட் காலி இருக்கா? 1860-லேயே அட்மிஷன் கணக்கு கேட்ட புளோரன்ஸ் நைட்டிங்கேல்!

மருத்துவமனையில் ஒருவரை அட்மிட் செய்யும்போது முதல் வேலையே எழுதுவதுதான். பெயர், வயது, ஊர், என்ன பிரச்சனை, சேர்ந்த தேதி, நேரம். திரும்பிப் போகும்போது இன்னொரு பதிவு. குணமாகிப் போனாரா, டாக்டர் சொல்லியும் கேட்காமல் சொந்தப் பொறுப்பில் போனாரா, இல்லை இறந்துவிட்டாரா? கூட வந்தவர் ஸ்ட்ரெச்சரில் வலியோடு படுத்திருக்கும்போது கவுன்ட்டரில் நின்று இதையெல்லாம் சொல்வது யாருக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும்.

இந்த விவரங்களை எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்று முதலில் வற்புறுத்தியவர்கள் யார் எனத் தேடிப் போனால், பள்ளிக்கூடப் பாடத்தில் படித்த ஒருவரிடம் போய் நிற்போம். கைவிளக்கேந்திய காரிகை, புளோரன்ஸ் நைட்டிங்கேல். அந்த விளக்கு எல்லோருக்கும் தெரியும். அவர் போட்ட கணக்கு அவ்வளவாகத் தெரியாது. அதில் ஒரு கணக்கு பெரிய சண்டையிலும் முடிந்தது.

யார் இந்த நைட்டிங்கேல்?

1820 மே 12-ம் தேதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்தில் பிறந்தார். ஊர்ப் பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டார்கள். அக்கா நேப்பிள்ஸில் பிறந்ததால், அந்த ஊரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தினோப்பி அவருக்கு. பணக்கார ஆங்கிலேயக் குடும்பம். இங்கிலாந்தில் இரண்டு பெரிய வீடுகள். மகள்களுக்கு லத்தீன், கிரேக்கம், வரலாறு எல்லாம் அப்பாவே சொல்லிக்கொடுத்தார்.

16 வயதில், கடவுள் தன்னை ஏதோ ஒரு பணிக்கு அழைப்பதாக உணர்ந்தார் புளோரன்ஸ். அது நோயாளிகளைக் கவனிக்கும் வேலைதான் என்று முடிவுசெய்து வீட்டில் சொன்னபோது வெடித்தது பிரச்சனை. அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி என்பது ஏழைகள் போகும் இடம். வசதியானவர்களுக்கு டாக்டர் வீட்டுக்கே வருவார். நர்ஸ் வேலைக்கும் நல்ல பெயர் கிடையாது. நம்ம வீட்டுப் பொண்ணு அங்கேயா என்ற கேள்வி அந்த வீட்டிலும் வந்தது.

பல வருடம் அனுமதி கிடைக்கவில்லை. அந்த வருடங்களில் அவர் சும்மா இருக்கவும் இல்லை. விடியும் முன்பே எழுந்து மருத்துவமனை அறிக்கைகளையும் பொதுச் சுகாதார அறிக்கைகளையும் படித்துக் குறிப்பெடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளக் கேட்ட ரிச்சர்டு மாங்க்டன் மில்ன்ஸ் என்ற எழுத்தாளர்-அரசியல்வாதியை வேண்டாம் என்று சொன்னார். 1851-ல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் இருந்த கிறிஸ்தவ சேவை நிலையத்தில் சில மாதம் பயிற்சி எடுத்தார்.

முதல் வேலையே நிர்வாகம்தான்

1853-ல், 33 வயதில், லண்டன் ஹார்லி தெருவில் இருந்த ஒரு சிறிய மருத்துவமனைக்குக் கண்காணிப்பாளர் ஆனார். வசதி குறைந்த நல்ல குடும்பத்துப் பெண்களுக்கான மருத்துவமனை அது. போனதும் அவர் கேட்ட விஷயங்களைப் பாருங்கள். ஒவ்வொரு மாடிக்கும் குழாயில் சுடுதண்ணீர் வர வேண்டும். சாப்பாடு மேலே போக ஒரு சின்ன லிஃப்ட் வேண்டும். எந்த நோயாளி மணி அடித்தார் என்று நர்ஸுக்குப் பார்த்ததும் தெரிய வேண்டும். நர்ஸ் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் நோயாளியை எப்போது பார்ப்பார் என்பது அவர் வாதம்.

அட்மிஷன் விஷயத்தில் முதல் மோதலும் இங்கேதான். இங்கிலாந்து திருச்சபையைச் சேர்ந்தவர்களை மட்டும் சேர்க்கலாம் என்றது கமிட்டி. கத்தோலிக்கரும் யூதரும் வரலாம், அவரவர் மத குருக்களும் வந்து பார்க்கலாம் என்று எழுத்துப்பூர்வமாக உறுதி தந்தால்தான் வேலையில் இருப்பேன் என்றார் நைட்டிங்கேல். கமிட்டி இறங்கி வந்தது.

ஸ்குட்டாரியில் என்ன நடந்தது?

1854. ரஷ்யாவுக்கு எதிராக பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி சேர்ந்து நடத்திய கிரிமியப் போர். சண்டை நடந்தது கருங்கடலின் வடக்குக் கரையில். பிரிட்டிஷ் ராணுவத்தின் பெரிய மருத்துவமனையோ கடலுக்கு இந்தப் பக்கம், இன்றைய இஸ்தான்புல்லின் ஒரு பகுதியான ஸ்குட்டாரியில். காயம்பட்டவரும் நோய்வாய்ப்பட்டவரும் கப்பலில் பல நாள் பயணம் செய்துதான் அங்கே வந்து சேர வேண்டும்.

அங்கிருந்த அவலம் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் வந்தது. நாடே கொதித்தது. போர்த்துறைச் செயலராக இருந்த நண்பர் சிட்னி ஹெர்பர்ட் கேட்டுக்கொள்ள, 38 பெண்களோடு கிளம்பிய நைட்டிங்கேல் நவம்பர் 4-ம் தேதி ஸ்குட்டாரி போய்ச் சேர்ந்தார். ராணுவ டாக்டர்கள் முதலில் அவர்களை வார்டுக்குள் விடவே இல்லை. அடுத்த நாளே இங்கர்மன் சண்டை. கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்க, வேறு வழியில்லாமல் கூப்பிட்டார்கள்.

அட்மிஷன் எவ்வளவு கோளாறாக இருந்தது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் போதும். மருத்துவமனைக்கு வரும் சிப்பாய் தன் சட்டை, கத்தி, முள்கரண்டி எல்லாவற்றையும் தன் மூட்டையில் கொண்டுவருவார் என்பது ராணுவ விதி. அதனால் அவற்றை மருத்துவமனை ஸ்டோரில் கொடுக்க மாட்டார்கள். ஆனால் கிரிமியாவில் இறங்கியபோது மூட்டையை விட்டுவிட்டு நடக்கச் சொல்லி உத்தரவிட்டதும் அதே ராணுவம்தான்! ரத்தமும் பேனுமாகக் கிழிந்த துணியோடு வந்தவரிடம், விதிப்படி உன்னிடம் சட்டை இருக்க வேண்டும் என்று சொன்னால் அவர் எங்கே போவார்?

நைட்டிங்கேல் விதியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கவில்லை. டைம்ஸ் வாசகர்கள் திரட்டிய நிதி கையில் இருந்தது. சட்டை, கரண்டி, பாத்திரம், சோப்பு, துணி துவைக்க ஏற்பாடு என்று சந்தையில் வாங்கிக் குவித்தார். டிசம்பரில் இன்னும் நூற்றுக்கணக்கானோர் வருகிறார்கள் என்ற தகவல் வந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து கிடந்தது. யார் அனுமதிக்கும் காத்திருக்காமல் ஆட்களை வைத்துப் பழுதுபார்த்து, சுமார் 800 பேருக்கு இடம் தயார் செய்தார். செலவைப் பின்னால் அரசு கொடுத்தது.

இதோடு கதை முடிந்திருந்தால் நல்ல சினிமாதான். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் சாவு கூடிக்கொண்டே போனது.

பெட் கூடியது, சாவும் கூடியது

1855 பிப்ரவரியில் ஸ்குட்டாரியில் சிகிச்சை பெற்றவர்களில் இறந்தவர்கள் சுமார் 42 சதவீதம். வயிற்றுப்போக்கு, காலரா, டைஃபஸ் மாதிரி நோய்கள்தான் பெரும்பாலும் கொன்றன. குண்டுக்காயத்தால் இறந்தவர்கள் குறைவு.

மார்ச்சில் லண்டனிலிருந்து ஒரு சுகாதார ஆணையம் வந்து தோண்டிப் பார்த்தது. அந்தப் பிரமாண்டக் கட்டடம் அடைத்துக்கொண்ட சாக்கடைகளின் மேல் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் வரும் வழியில் ஒரு குதிரை செத்துக் கிடந்தது. 500 வண்டிக்கு மேல் குப்பையை அள்ளினார்கள், சாக்கடையைக் கழுவி விட்டார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், காற்று வர வழிசெய்தார்கள். ஜூன் மாதத்தில் இறப்பு சுமார் 2 சதவீதத்துக்கு இறங்கியது.

இந்த இறக்கத்தில் நைட்டிங்கேலின் பங்கு எவ்வளவு? வரலாற்றாசிரியர்கள் இன்றும் சண்டை போடும் கேள்வி இது. வீரர்கள் சாகும் நிலையில் வந்து சேர்வதுதான் காரணம் என்று அங்கே இருந்த காலத்தில் அவரும் நினைத்திருந்தார், கட்டடமே கொன்றது என்பது லண்டன் திரும்பிக் கணக்குப் போட்ட பிறகுதான் புரிந்தது என்று சிலர் சொல்கிறார்கள். மற்றவர்கள் மறுக்கிறார்கள். ஒன்று மட்டும் நிச்சயம். அந்தப் பெருமையைச் சுகாதார ஆணையத்துக்குத்தான் கொடுத்தார் நைட்டிங்கேல். இந்த நேர்மையை நம்ம பாடப்புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

அங்கே அவரை உறுத்திய இன்னொரு விஷயம், பதிவேடு. இறந்தவர்களுக்குத் தனித்தனியாக மூன்று பதிவேடுகள் இருந்தன. மூன்றிலும் எண்ணிக்கை வேறு வேறு! எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்றே தெரியாத இடத்தில், எது வேலை செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பட்டமில்லாத புள்ளியியலாளர்

1856 ஆகஸ்ட்டில் மிஸ் ஸ்மித் என்ற பெயரில், வரவேற்பு எதுவும் வேண்டாமென்று சத்தமில்லாமல் வீடு திரும்பினார். செப்டம்பரில் விக்டோரியா மகாராணியைச் சந்தித்தார். ராணுவச் சுகாதாரம் பற்றி விசாரிக்க ராயல் கமிஷன் அமைத்தார்கள். பெண் என்பதால் அவருக்கு அதில் இடமில்லை. பின்னால் இருந்து வேலையை நடத்தியது பெரும்பாலும் அவர்தான்.

கூட்டாளியாகக் கிடைத்தவர் வில்லியம் ஃபார். இங்கிலாந்தின் பிறப்பு-இறப்புப் பதிவு அலுவலகத்தில் புள்ளிவிவர வேலை பார்த்த டாக்டர். இருவரும் சேர்ந்து போட்ட கணக்கில் ஒரு அதிர்ச்சி. போரே இல்லாத காலத்தில், இங்கிலாந்துக்குள்ளேயே, ராணுவக் குடியிருப்பில் இருக்கும் இளம் சிப்பாய்கள் அதே வயதுப் பொதுமக்களைவிட சுமார் இரண்டு மடங்கு இறந்துகொண்டிருந்தார்கள்.

வெறும் அட்டவணையைக் கொடுத்தால் அமைச்சர்கள் படிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் வட்டமாக விரியும் வண்ண வரைபடத்தில் மாத வாரியாகச் சாவுகளைக் காட்டினார். தடுத்திருக்கக்கூடிய நோய்கள் நீலம், காயங்கள் சிவப்பு, மற்றவை கருப்பு. பார்த்த உடனே கண்ணை அடிப்பது நீலம்தான். இன்றைக்கு நியூஸ் சேனல்களில் ஓடும் கிராஃபிக்ஸ் எல்லாவற்றுக்கும் மூத்த அக்கா என்று அதைச் சொல்லலாம். 1858-ல் லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர் ஆனார்.

1860 படிவத்தில் என்ன இருந்தது?

ராணுவ மருத்துவமனைகளை விட்டு அடுத்து சாதாரண மருத்துவமனைகளுக்குத் திரும்பினார். ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு நோய்க்குப் பெயர் வைத்து, தன் இஷ்டத்துக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது. 1860 ஜூலையில் லண்டனில் நடந்த சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டில் அவருடைய திட்டம் முன்வைக்கப்பட்டது. எல்லா மருத்துவமனைக்கும் ஒரே படிவம்.

வருடத் தொடக்கத்தில் எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள்? வருடத்தில் புதிதாக எத்தனை பேர் சேர்ந்தார்கள்? குணமாகியோ தேறியோ போனவர்கள் எத்தனை? தீராத நோய் என்று அனுப்பப்பட்டவர்கள், தாங்களாகக் கேட்டுப் போனவர்கள் அல்லது ஒழுங்கீனத்துக்காக வெளியேற்றப்பட்டவர்கள், இறந்தவர்கள் எத்தனை? வருடக் கடைசியில் எத்தனை பேர் மிச்சம்? சராசரியாக ஒருவர் எத்தனை நாள் படுத்திருந்தார்? இத்தனையும் வயது, ஆண், பெண், நோய் வாரியாக.

கடைசிக் கேள்வியைக் கவனிங்க. இன்றைக்கு எந்த மருத்துவமனை நிர்வாகியும் மாதாமாதம் பார்க்கும் எண் அது. ஒரு பெட்டில் ஒருவர் 20 நாள் இருந்தால், அந்தப் பெட் வருடத்துக்கு 18 பேருக்குத்தான் பயன்படும். 10 நாளில் குணமாகிப் போனால் 36 பேர். புதுக் கட்டடம் கட்டாமலே இடம் இரண்டு மடங்காகிவிடும். ஆனால் குணமாகாமல் சீக்கிரம் அனுப்பிவிட்டும் இதே எண்ணை அழகாகக் காட்டலாம் இல்லையா? அதனால்தான் எப்படிப் போனார்கள் என்பதற்கும் தனிக் கட்டங்கள்.

லண்டனின் பெரிய மருத்துவமனைகள் சில இந்தப் படிவத்தில் கணக்கு எழுதத் தொடங்கி வெளியிடவும் செய்தன. ஆனால் நீடிக்கவில்லை. எழுதுவதற்கே தனியாக ஆளும் பணமும் வேண்டியிருந்தது, நோய்களை வகைப்படுத்துவதும் சிக்கலாக இருந்தது. திட்டம் மெல்லக் கைவிடப்பட்டது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துக்கு அது பெரிய ஆசைதான்.

90.84 சதவீதம்: பெரிய சண்டை

1863-ல் மருத்துவமனைகள் பற்றிய அவருடைய புத்தகத்தின் மூன்றாம் பதிப்பு வந்தது. அதில் ஃபார் போட்ட ஒரு அட்டவணை. லண்டனின் 24 மருத்துவமனைகளில் 1861 ஏப்ரல் 8-ம் தேதி உள்ளே இருந்த நோயாளிகள் 4,214. அந்த வருடம் முழுக்க அங்கே இறந்தவர்கள் 3,828. இரண்டையும் வகுத்தால் 90.84 சதவீதம் இறப்பு! கிராமப்புறப் பகுதி மருத்துவமனைகளில் இது பாதிக்கும் கீழே.

டாக்டர்கள் கொந்தளித்துவிட்டார்கள். கோபத்தில் நியாயம் இருந்தது. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 100 பெட் உள்ள மருத்துவமனை. ஒரு பெட்டில் வருடத்துக்கு 10 பேர் வந்து போகிறார்கள். மொத்த அட்மிஷன் 1,000. அதில் 100 பேர் இறக்கிறார்கள். சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் இறப்பு 10 சதவீதம். ஒரு நாள் இருந்தவர்களை வைத்து வகுத்தால் 100 சதவீதம்! அதிகம் பேரைச் சேர்த்து வேகமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனையும், ஆபத்தான கேஸ்களைத் திருப்பி அனுப்பாத மருத்துவமனையும் இந்தக் கணக்கில் கொலைக்களம் மாதிரித் தெரியும்.

ஃபார் விடவில்லை. சேர்ந்தவர்களை மட்டும் வைத்து வகுத்தால் சும்மா இரண்டு நாள் வந்து போனவர்களும் கணக்கில் சேர்ந்து எண் குறைவாகத் தெரியும், எத்தனை நாள் ஆபத்தில் இருந்தார்கள் என்பதும் முக்கியம் என்பது அவர் பக்கம். அதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் லண்டன் மருத்துவமனைக்குப் போனால் பத்தில் ஒன்பது பேர் சாவார்கள் என்று சாதாரண ஆள் படித்துவிடக்கூடிய ஒரு எண்ணை அப்படி அச்சடித்தது தவறு என்பதே நமக்குத் தோன்றுகிறது. எந்த மருத்துவமனை நல்ல மருத்துவமனை என்று தரவரிசை போடும் எல்லோரும் இன்றுவரை இந்தப் பள்ளத்தில் விழுந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அட்மிஷனே வேண்டாம் என்றபோது

அட்மிஷன் பதிவேட்டை வைத்து அவர் செய்த வேறு சில வேலைகள் இன்னும் சுவாரசியம். லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனை நிலத்தை ரயில்வே கேட்டது. இடம் மாற்றினால் ஏழை நோயாளிகள் பாதிக்கப்படுவார்கள் என்று எதிர்ப்பு. நோயாளிகள் எங்கிருந்து, எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள் என்று பட்டியல் எடுத்துப் பார்த்தார் நைட்டிங்கேல். ஏற்கெனவே பலர் தூரத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தார்கள். மாற்றலாம் என்ற பக்கம் நின்றார். 1871-ல் தேம்ஸ் கரையில் புதுக் கட்டடம் திறக்கப்பட்டது. காற்றோட்டமான நீள வார்டுகள், இரு பக்கமும் ஜன்னல், ஒரே பார்வையில் நர்ஸுக்கு எல்லாப் பெட்டும் தெரியும் அமைப்பு. 1860-ல் அவர் பெயரில் தொடங்கிய செவிலியர் பள்ளியும் இந்த மருத்துவமனையில்தான்.

இன்னொன்று கொஞ்சம் வலியான விஷயம். கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் அவருடைய நிதியின் உதவியோடு ஒரு பிரசவ வார்டு நடந்தது. பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் இறக்க, 1867-ல் மூடிவிட்டார்கள். அதோடு விடாமல் பல இடங்களின் பிரசவக் கணக்கை வாங்கி ஒப்பிட்டு 1871-ல் புத்தகம் போட்டார். அந்தக் காலத்து நிலவரப்படி, ஏழை வீட்டில் பிரசவிக்கும் பெண்ணைவிடப் பிரசவ மருத்துவமனையில் சேரும் பெண்ணுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று எண்கள் சொல்லின. கிருமி பற்றிய அறிவும் கை கழுவும் பழக்கமும் பரவிய பிறகு நிலைமை தலைகீழாக மாறியது வேறு கதை.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய நோயாளியை மருத்துவமனையில் சேர்ப்பது அவருக்குப் பிடிக்காது. லிவர்பூலில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர் வீடு தேடிப் போகும் நர்ஸ்களை ஏற்பாடு செய்தபோது கூடவே நின்று வழிகாட்டினார்.

இவ்வளவையும் செய்தது பெரும்பாலும் கட்டிலில் படுத்துக்கொண்டு. கிரிமியாவில் வந்த காய்ச்சலின் பாதிப்பு 1857 முதல் பல ஆண்டுகள் அவரை முடக்கிப்போட்டது. இந்தியாவுக்கு ஒருமுறைகூட வரவில்லை. ஆனால் இந்தியாவில் இருந்த ராணுவத்தின் சுகாதாரம் பற்றிய 1863 அறிக்கைக்காக இங்குள்ள முகாம்களிலிருந்து வந்த கட்டுக்கட்டான பதில்களை அலசியவர் அவர். சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அவருக்குக் கிரிமியக் காலத்துப் பழக்கம். கடிதப் போக்குவரத்து தொடர்ந்தது.

2020-ல் மறுபடி அவர் பெயர்

கொரோனா முதல் அலையில் லண்டனின் பொருட்காட்சி அரங்கம் ஒன்றைச் சில நாட்களிலேயே தற்காலிக மருத்துவமனையாக மாற்றினார்கள். பெயர், நைட்டிங்கேல் மருத்துவமனை. 4,000 பெட் வரை போடலாம் என்று திட்டம். முதல் அலையில் அங்கே சிகிச்சை பெற்றவர்கள் 54 பேர்தான். மற்ற மருத்துவமனைகள் தங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை விரித்துச் சமாளித்துவிட்டன என்பது ஒரு காரணம். அவ்வளவு பெட்டுக்கும் தேவையான பயிற்சி பெற்ற நர்ஸ்கள் இல்லை என்பது இன்னொரு காரணம்.

1907-ல் ஆர்டர் ஆஃப் மெரிட் விருது பெற்ற முதல் பெண்ணானார். அப்போது பார்வை போயிருந்தது. 1910 ஆகஸ்ட் 13-ம் தேதி, 90 வயதில், லண்டன் வீட்டில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்ய அரசு தயாராக இருந்தும் குடும்பத்தினர் மறுத்துவிட்டார்கள். ஹாம்ப்ஷயரில் உள்ள ஈஸ்ட் வெல்லோ கிராமத்துக் கல்லறையில் அவருக்கென்று தனிச் சிலையோ புகழுரையோ கிடையாது. பெயரின் முதலெழுத்துகள் இரண்டு, பிறந்த தேதி, இறந்த தேதி. அவ்வளவுதான் பொறித்திருக்கிறார்கள்.